விருந்தாளி இருக்கும் வரை

வியாழக்கிழமை சாயங்காலம் நஞ்சுண்டன் தன் மனைவி தாமரைச்செல்வியை விலாவில் உதைத்ததற்குக் காரணம் ஒரு சட்டை. சைக்கிள் ஓட்டும்போது போடுகிற, உடம்போடு ஒட்டிக்கொள்ளும் சட்டை. மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். அதை அவள் தெரியாத்தனமாக டிரையரில் போட்டுவிட்டாள். வெளியே எடுத்தபோது அது மகள் தென்றலுக்குத்தான் சரியாக இருக்கும் போலிருந்தது. தென்றலுக்கு ஒன்பது வயது. முதலில் கன்னத்தில் ஒன்று விட்டான். செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்தது பிடிக்காமல் உதைத்தான். வலது விலாவுக்குள் ஏதோ நகர்ந்தது அவளுக்கே தெரிந்தது. கத்தவில்லை. கலிபோர்னியாவில், சான் ரமோனில் அவர்கள் இருக்கும் வரிசை வீடுகளுக்குச் சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்ற கவலை உதைத்தவனுக்கு இல்லை, உதை வாங்கியவளுக்கு இருந்தது. நம் வீட்டுப் பெண்களை அப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறோம்.

நாளைக்கு ஒரு விருந்தாளி வருகிறாள், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நஞ்சுண்டன் வாரத்தில் ஐந்து நாள் பிசினஸ் பார்க்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். சனிக்கிழமை விடிந்தால் பத்துப் பன்னிரண்டு தமிழ் ஆட்களோடு சைக்கிளில் டியாப்லோ மலை ஏறுவான். மூன்று வருஷத்துக்கு முன்னால், நெடுந்தூரம் சைக்கிளில் போகிறவர்களுக்கு வீட்டில் இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு வெப்சைட்டில் தன் பெயரைப் பதிந்தான். வந்து தங்கிவிட்டுப் போகிறவர்கள் அதில் நாலு வரி நல்லதாக எழுதுவார்கள். ‘அருமையான மனிதர்’ என்று ஒரு ஜெர்மன்காரன் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தான்.

செல்வி கண்டுபிடித்தது வேறொன்று. வீட்டில் விருந்தாளி இருக்கிற நாளில் அவன் கை ஓங்குவதில்லை. குரல்கூட ஏறுவதில்லை. “செல்வி, நீயும் உக்காந்து சாப்புடு” என்பான். மூன்றாவது விருந்தாளி வந்துபோன பிறகு இது அவளுக்கு உறுதிப்பட்டது. அன்றிலிருந்து அந்த வெப்சைட்டுக்கு வருகிற கடிதங்களுக்கெல்லாம் அவளே பதில் போட்டாள். நாயைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு ஆரிகனிலிருந்து வந்தவன், கால் வீங்கிய பிரெஞ்சு வாத்தியார், யார் கேட்டாலும் வரச்சொன்னாள். ஒருநாள் போதும் என்று எழுதியவர்களுக்கு, ஐந்து நாள் மிதித்தால் ஒருநாள் கால்களுக்கு ஓய்வு வேண்டாமா, இரண்டு நாள் இருங்கள் என்று எழுதினாள். ஓய்வு யாருக்கு என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. தென்றலும் ஸ்கூல் விட்டு வந்து பையை இறக்கும் முன்பே, “அம்மா, ஹூ இஸ் கமிங் திஸ் வீக்?” என்று கேட்பாள். குழந்தைக்கும் கணக்கு புரிந்திருக்கிறது என்று தெரிந்தபோது செல்விக்கு அழுகை வந்தது.

யாரிடமும் சொல்லாமல் இல்லை. போன வருஷம் பொங்கல் விழா முடிந்து பார்க்கிங்கில் நின்றபோது வசந்தாமணி ஆன்ட்டியிடம் சொன்னாள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறார்கள். அவர் கணவர் கிட்டுசாமி அங்கிள் இந்தப் பக்கத்துக் கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கெல்லாம் பெரிய மனுஷர். விசா சிக்கல், வளைகாப்பு, வீடு வாங்குவது எல்லாம் அவர் வந்து உட்கார்ந்தால்தான் நடக்கும். வந்தார், உட்கார்ந்தார், காபி குடித்தார். “கை நீட்றதெல்லாம் நம்ம பழக்கமில்லீங்க தம்பி” என்று அவனிடம் சொன்னார். “நீயும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க அம்மிணி. கிரீன் கார்டு வர்ற நேரத்துல போலீஸ் கேசுன்னு ஆயிரக்கூடாது பாரு” என்று இவளிடம் சொன்னார். தீர்ப்பு முடிந்தது. வெளியில் சொன்னதற்காக அந்த வாரம் அவளுக்கு இரண்டு முறை விழுந்தது.

வெள்ளிக்கிழமை வந்த விருந்தாளியின் பெயர் சச்சிகோ. ஹொக்கைடோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது அறுபத்தொன்று. சியாட்டிலில் ஆரம்பித்து சான் டியேகோ வரை தனியாகச் சைக்கிள் ஓட்டுகிறாள். ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் அவள் ஜப்பானிய மொழியில் பேசினால் அவளுடைய போன் அதைத் தமிழில் சொன்னது, செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில். நஞ்சுண்டனுக்கு அது பொம்மை கிடைத்த மாதிரி. வெள்ளிக்கிழமை முழுக்க அதை வைத்து விளையாடினான். செல்விக்கு மூச்சு விட்டால் வலித்தது. ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை காலை சைக்கிளில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனான். “மத்தியானம் அங்கிளும் ஆன்ட்டியும் லஞ்சுக்கு வர்றாங்க. சந்தகை பண்ணிரு. ஜப்பான்காரங்களுக்கு நூடுல்ஸ் மாதிரி இருக்கும். வீடியோ எடுக்கோணும்.”

கொங்கு நாட்டு இடியாப்பமான சந்தகையைப் பிழிவது ஒரு ஆள் வேலை இல்லை. வெந்த மாவு உருண்டையைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு, ஒருவர் அந்த மூன்று கால் இரும்பைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மேலே கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அழுத்த வேண்டும். செல்வி தனியாகவே பிழிந்து பழகியவள். தென்றலைத் தமிழ்ப் பள்ளிக்கும், அங்கிருந்தே ஒரு பிறந்தநாள் விழாவுக்கும் அனுப்பியாகிவிட்டது. மாவு வெந்தது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து அரைச் சுற்றுச் சுற்றினாள். விலாவில் கத்தியை விட்டுத் திருகிய மாதிரி இருந்தது. கண் இருட்டிக்கொண்டு வர, அடுப்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

சச்சிகோ கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவள், அடுப்பை அணைத்தாள். கீழே மண்டியிட்டாள். அனுமதி எல்லாம் கேட்கவில்லை, செல்வியின் குர்தாவை விலாப் பக்கம் தூக்கிப் பார்த்தாள். ஊதாவும் கறுப்புமாக ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. அதற்குக் கீழே மஞ்சளாக ஒன்று. அது போன வாரத்தது. முப்பது வருஷம் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்தவளுக்கு, எது விழுந்த காயம், எது விழவைத்த காயம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். போனில் பேசினாள்.

“மூச்சை இழுத்து விடுங்கள். எலும்பு உடைந்திருக்கலாம். மருத்துவமனைக்குப் போக வேண்டும்.”

“வேண்டாங்க. மண்டே பாத்துக்கலாம்” என்றாள் செல்வி. போன் அதை ஜப்பானிய மொழியில் சொன்னது.

“கணவரா?” என்றது போன்.

செல்வி எழுந்து, இரும்பின் காலைப் பிடித்துக்கொண்டு, மாவு ஆறுகிறது என்று கையைக் காட்டினாள். சச்சிகோ கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். மலை மலையாகச் சைக்கிள் மிதித்த உடம்பு, சுலபமாகச் சுற்றியது. அவ்வளவு மாவையும் அவள்தான் பிழிந்தாள். எதிரே இரும்பின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த செல்வியின் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் கொட்டியது. சச்சிகோ அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நஞ்சுண்டன் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்த முகமாக இருந்தான். கிட்டுசாமி அங்கிள் செல்வியின் தலையில் கை வைத்து, விருந்தாளியிடம் தன் பாணி ஆங்கிலத்தில் சொன்னார், “செல்வி இஸ் அவர் டாட்டர்.” நம்மில் யாரும் வாய் கூசாமல் சொல்கிற வார்த்தை அது. வசந்தாமணி ஆன்ட்டியும், “ஆமா, எங்க பொண்ணுதான்” என்று தன் வீடு மாதிரி அடுக்களைக்குள் போய்த் தட்டுகளை எடுத்து வந்தார். சச்சிகோ அதை அப்படியே நம்பிவிட்டாள். பெற்ற தாயும் தகப்பனும் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, இடுப்பை வளைத்து இரண்டு பேருக்கும் ஆழமாக வணக்கம் வைத்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் ஒரு தைரியம் வந்திருந்தது.

சந்தகையும் தேங்காய்ப்பாலும் பாதி சாப்பிட்டபோது நஞ்சுண்டன் தன் போனை நிமிர்த்தி வீடியோவை ஓடவிட்டான். “எங்க வீட்டப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்க. மனசுல பட்டத சொல்லுங்க” என்றான்.

சச்சிகோ குச்சி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை. கிட்டுசாமி அங்கிளைப் பார்த்தபடி நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். போன் அதைத் தமிழில் சொன்னது.

“உங்கள் மகளின் விலா எலும்பு உடைந்திருக்கிறது. அவர் கீழே விழவில்லை. அவரைப் பல முறை அடித்திருக்கிறார்கள். இந்த வீட்டில் அடிக்கக்கூடியவர் ஒருவர்தான். நீங்கள் அவருடைய பெற்றோர். தயவுசெய்து இன்றே அவரை உங்களுடன் அழைத்துச் செல்லுங்கள்.”

வசந்தாமணி ஆன்ட்டியின் கரண்டியிலிருந்து தேங்காய்ப்பால் சொட்டியது. முதலில் சிரித்தவர் கிட்டுசாமி அங்கிள்.

“இந்த ஆப்பெல்லாம் இப்படித்தானுங்க. ஒண்ணு சொன்னா இன்னொண்ணு ட்ரான்ஸ்லேட் பண்ணும்” என்றார். நஞ்சுண்டனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே வீடியோவை அழித்தான். வசந்தாமணி ஆன்ட்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவருக்குத்தான் பொங்கலன்றே தெரியுமே. “ஏன் அம்மிணி, பாத்ரூம்ல கீது வழுக்கி விழுந்துட்டயா?” என்று கேட்டார். பதிலையும் கேள்விக்குள்ளேயே மடித்து வைத்துக் கொடுத்தார். செல்வியும் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

“ஆமாங்க ஆன்ட்டி. பாத்ரூம்லதான்.”

இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கடல் தாண்டி வந்த ஒரு அந்நியப் பெண், நம் மொழி தெரியாதவள், உண்மையை உண்மையென்று சொல்கிறாள். அதை மெஷின் தப்பு என்று ஆக்கிவிட நான்கு தமிழர்களுக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அடிபட்டவளும் அந்த நான்கில் ஒருத்தி. சச்சிகோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தான் செய்த தவறு அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

பத்தே நிமிஷத்தில் அங்கிளுக்கு அவசர வேலை வந்துவிட்டது. வாசலில் நஞ்சுண்டனின் தோளைத் தட்டி, “டென்ஷன் ஆகாதீங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு நஞ்சுண்டன் சச்சிகோவிடம், மாடியில் போய் நன்றாக ஓய்வெடுங்கள் என்று சிரித்தபடி சொன்னான். பிறகு செல்வியிடம், “கராஜுக்கு வா புள்ள” என்றான். செல்வி போனாள். விருந்தாளி வீட்டில் இருக்கிறாள், கை வைக்க மாட்டான் என்று நினைத்தாள். மூன்று வருஷமாகத் தப்பாத நம்பிக்கை அது.

உள்ளே நுழைந்ததும் கதவைப் பூட்டி, அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது.

“அவகிட்ட என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லலீங்க. அவங்களாத்தான் பாத்தாங்க.”

“துணியத் தூக்கிக் காட்டுனயா? அங்கிள் முன்னாடி என்ற மானத்த வாங்கிட்டயேடி.”

விலாவில் அதே இடத்தில் குத்தினான். இடம் தெரிந்துதான் குத்தினான். அவளுக்கு மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. கீழே விழாதபடி கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தினான். கட்டைவிரல் குரல்வளையில் இறங்கியது. முகத்துக்கு அருகே வந்து, குரலை உயர்த்தாமல் பேசினான்.

“ஒரு கழுதையும் இனிமே இந்த வீட்டுக்கு வரப்போறதில்ல. வெப்சைட்ட இன்னைக்கே டிலீட் பண்றேன். நாளைக்குக் காலைல இவ போகட்டும். அப்பறம் இருக்குது உனக்கு.”

கழுத்து நெரிபடும்போதும் செல்விக்கு அந்த வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன. அடியைவிட அதுதான் அவளை உலுக்கியது. இத்தனை நாள் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது மாதத்துக்கு நாலைந்து நாளை நம்பி. அந்த நாளும் இனி இல்லை. அவள் வலது கை பக்கத்து மேஜையைத் துழாவியது. சைக்கிள் பெடலைக் கழற்றுகிற ஸ்பேனர், முழங்கை நீளம், அகப்பட்டது.

முதல் அடி அவன் காதுக்கு மேலே விழுந்தது. பிடி விட்டுப்போனது. அவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு மறுபடியும் பாய்ந்தபோது இரண்டாவது அடி முன்கையில் விழுந்தது. அவன் அலறிக்கொண்டு, தன் சைக்கிளின் மேல் சாய்ந்து, அதோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்தான். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உட்கார்ந்திருந்தவனின் தோளில் மூன்றாவதாக, இரண்டு கையாலும் ஓங்கி ஒன்று போட்டாள். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. அந்த மூன்றாவது அடிக்குத் தற்காப்பு என்று பெயர் வைக்க முடியாது. அது பதினோரு வருஷத்துக் கோபம். போட்டு முடித்தபோது அவளுக்குப் பயமாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் பயந்தாள்.

வீட்டுப் பக்கத்துக் கதவு தடதடவென்று இடிபட்டது. செல்வி பூட்டைத் திறந்துவிட்டாள். சச்சிகோ வாசலில் நின்று இருவரையும் ஒரு தடவை பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து நஞ்சுண்டன் தலையில் வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டாள். இன்னொரு கையால் 911 அழைத்தாள். “பெண்ணுக்குக் காயம். ஆணுக்குக் காயம். சீக்கிரம் வாருங்கள்” என்று தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று முறை சொன்னாள்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கராஜில், ஆம்புலன்ஸ் ஆட்களோடும் நஞ்சுண்டனோடும் நின்றார். இன்னொருத்தி, உயரமான பெண், செல்வியை அடுக்களையில் உட்காரவைத்து நோட்டை எடுத்தாள். விளக்குச் சுழலும் காரைப் பார்த்துவிட்டுக் கிட்டுசாமி அங்கிள் ஓடி வந்திருந்தார். முதலில் ஸ்ட்ரெச்சர் பக்கம் போய் நஞ்சுண்டனிடம் குசுகுசுவென்று பேசினார். பிறகு அடுக்களைக்கு வந்து, தான் இவளுக்கு அப்பா மாதிரி என்றும், இவள் கூச்ச சுபாவம் என்றும், தானே மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். செல்வி தொண்டையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்ததால், போலீஸ்காரியும், ‘சரி, என்ன நடந்தது என்று கேளுங்கள்’ என்றாள்.

அங்கிள் தமிழில் ஆரம்பித்தார். “அம்மிணி, நா சொல்றத நல்லா கேட்டுக்க. காலைல ரைடு போனப்ப சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்னு தம்பி சொல்லீட்டாரு. நீ பாத்ரூம்ல விழுந்தே. அவ்ளோதான், மேட்டர் முடிஞ்சுது. நீ அடிச்சேன்னு தெரிஞ்சா உன்னையும் கைல வெலங்கு மாட்டிக் கூட்டீட்டுப் போயிருவாங்க. தென்றல் நாலு மணிக்கு வருவா. அவ கண்ணு முன்னாடி நடக்கோணுமா? உங்க ஸ்டேட்டஸ் எல்லாம் என்னாகும்?”

“அவர் என்னைக் கழுத்த நெரிச்சாருன்னு சொல்லுங்க அங்கிள்” என்றாள் செல்வி.

அவர் திரும்பி, போலீஸ்காரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இவள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், அவர் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார், விருந்தாளி அம்மா மொழி தெரியாமல் பயந்து போன் பண்ணிவிட்டாள், வேறொன்றும் இல்லை. போலீஸ்காரி நம்பினாளோ இல்லையோ, எழுதினாள்.

பேனா நகர்வதைச் செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் இவளும் தப்பிப்பாள், அவனும் தப்பிப்பான். அவன் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவான். தோள் ஆறும்வரை பொறுத்திருப்பான், அப்புறம் வட்டியும் முதலுமாகக் கொடுப்பான். வாயைத் திறந்தால் அந்த மூன்றாவது அடியையும் சொல்ல வேண்டும். அங்கிள் பயமுறுத்தியது முழுக்கப் பொய் இல்லை. அவளையும் பிடிக்கலாம். அம்மா போலீஸ் காரில் உட்கார்ந்திருப்பதைத் தென்றல் பார்க்கலாம். விசா என்னாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அங்கிள், நீங்க கொஞ்சம் தள்ளுங்க” என்றாள்.

“அம்மிணி, வேண்டாம் சாமி. யோசிச்சுப் பேசு.”

அவள் அவரைத் தாண்டி, நோட்டை வைத்திருந்த பெண்ணைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினாள். குரல் கரகரத்தது. இவர் சொன்னது ஒன்றுகூட நான் சொன்னதில்லை, என்றாள். வியாழக்கிழமை என் கணவர் என்னை உதைத்தார். இன்றைக்கு என் கழுத்தை நெரித்தார். நான் அவரை ஸ்பேனரால் மூன்று முறை அடித்தேன். மூன்றாவது தடவை அடித்தபோது அவர் கீழே உட்கார்ந்திருந்தார்.

“ரைட் தட் ஆல்ஸோ” என்றாள்.

போலீஸ்காரி எழுதியதை ஒரே கோடாக அடித்தாள். கிட்டுசாமி அங்கிளை வெளியே போய் நிற்கச் சொன்னாள். அவர் போகிற வழியில், “உன்ற நல்லதுக்குத்தான் அம்மிணி சொன்னேன்” என்றார். செல்வி திரும்பிப் பார்க்கவில்லை.

“இது எப்போது ஆரம்பித்தது?” என்று போலீஸ்காரி கேட்டாள்.

“ஜெர்சி சிட்டில. அப்ப அங்க குடியிருந்தோம்” என்றாள் செல்வி. “நாங்க அமெரிக்கா வந்த பன்னிரண்டாவது நாள். சாதத்துல உப்பு இல்லைன்னு.”

போலீஸ்காரி புதுப் பக்கத்தைத் திருப்பினாள். செல்வி அடுத்ததைச் சொன்னாள். அதற்கு அடுத்ததையும் சொன்னாள். பக்கம் தீர்ந்துபோய், அவள் மறுபடியும் திருப்ப வேண்டியிருந்தது.